கேப்ரியேலியின் ‘சொனாட்டா பியான் ஏ ஃபோர்ட்டே’: எட்டுப் பேர் தேவாலயத்தில் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1597-ல் வெனிஸ் நகரில் ‘சாக்ரே சிம்ஃபோனியே’ என்ற தொகுப்பு அச்சாகி வெளிவந்தது. இயற்றியவர் ஜொவான்னி கேப்ரியேலி. 1585 முதல் 1612-ல் இறக்கும்வரை சான் மார்கோ பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவர். குரலுக்கான பாடல்களோடு, வாத்தியங்களுக்கான 14 கன்ஸோனாக்களும் 2 சொனாட்டாக்களும் அதில் உள்ளன. அந்த இரண்டு சொனாட்டாக்களில் ஒன்றுதான் ‘சொனாட்டா பியான் ஏ ஃபோர்ட்டே’. எந்தப் பார்ட்டை (ஒருவர் வாசிக்கும் தனி வரியை) எந்த வாத்தியம் வாசிக்க வேண்டும், எங்கே மென்மையாக, எங்கே உரக்க என்பதையெல்லாம் அச்சிலேயே குறித்த மிகப் பழைய படைப்புகளில் இதுவும் ஒன்று.

முதலில் மனதில் வாங்க வேண்டியது இது: இங்கே ‘பியான்’ என்றால் நான்கு பேர் கொண்ட ஒரு குழு மட்டும் வாசிக்கிறது, ‘ஃபோர்ட்டே’ என்றால் இரண்டு குழுவும் சேர்ந்து எட்டுப் பேர் வாசிக்கிறார்கள். ஒலியின் ஏற்ற இறக்கம் ஆட்களின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘ஃபோர்ட்டே’ வந்ததும் எல்லோரும் மூச்சை அழுத்தி ஊதினால் சுருதி கலையும், எட்டில் ஒன்றான வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) காணாமல் போகும், கட்டடம் இரைச்சலால் நிரம்பும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நோட்ஸைச் சரிபார்த்தல்

இணையத்தில் ஐஎம்எஸ்எல்பி போன்ற தளங்களில் இதன் பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல, இன்றைய பிராஸ் குழுக்களுக்காக மாற்றி எழுதியவை. அச்செடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

இரண்டாம் குழுவின் மேல் பார்ட் எந்த வாத்தியத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது? மூலத்தில் ‘வயலினோ’ என்று இருக்கிறது. ஆனால் அது ஆல்ட்டோ கிளெஃபில் (வயோலாவுக்கு இன்றும் பயன்படும் நோட்ஸ் குறியில்) எழுதப்பட்டு, இன்றைய வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்குகிறது. வாசிக்க வேண்டியது வயோலா. அதை டிரம்பெட்டுக்கோ ஹார்னுக்கோ மாற்றியிருந்தால் இரு குழுக்களுக்கும் இடையிலான ஒலி நிற வேறுபாடு பாதி போய்விடும்.

அடுத்து, படிப்படியாக ஏறும், இறங்கும் குறிகள் இருந்தால் அவை பிற்காலத்துச் சேர்க்கை. மூலத்தில் உள்ளவை பியான், ஃபோர்ட்டே என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மற்றதையெல்லாம் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

மூன்றாவது, ஷார்ப், ஃபிளாட் குறிகள். ஸ்டாஃபுக்கு (ஐந்து கோடுகளுக்கு) மேலே சிறிய எழுத்தில் இருப்பவை பதிப்பாசிரியரின் யோசனை. ஸ்டாஃபுக்குள் இருப்பவை மூலத்தவை. கேடென்ஸில் (இசைத் தொடர் முடியும் இடத்தில்) முடிவு ஸ்வரத்துக்கு முந்தியதை அரை ஸ்வரம் உயர்த்துவது அக்கால வழக்கம், எழுதாவிட்டாலும் செய்வார்கள். ஒரு கேடென்ஸில் ஒருவர் உயர்த்தி இன்னொருவர் உயர்த்தாமல் விட்டால் முதல் ஒத்திகையிலேயே அரை மணி நேரம் வீணாகும். எட்டுப் பார்ட்டிலும் ஒரே முடிவை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

வாத்தியங்கள்

முதல் குழு: ஒரு கார்னெட்டோ, மூன்று ட்ராம்போன். இரண்டாம் குழு: ஒரு வயோலா, மூன்று ட்ராம்போன். துணைக்கு ஒரு சிறு ஆர்கன். இடமும் ஆளும் இருந்தால் குழுவுக்கு ஒன்று.

கார்னெட்டோ என்பது மரத்தாலான வளைந்த குழல். சுமார் 60 செ.மீ. நீளம், மேலே ஆறு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டி, மேலே கறுப்புத் தோலைச் சுற்றியிருப்பார்கள். டிரம்பெட்போல் உதடு அதிரத்தான் ஒலி எழும். ஆனால் ஊதும் கிண்ணம் மிகச் சிறியது. நன்றாக வாசித்தால் மனிதக் குரலுக்கு இவ்வளவு நெருங்கி வரும் காற்று வாத்தியம் வேறில்லை.

கார்னெட்டோ வாசிப்பவர் கிடைக்காவிட்டால் டிரம்பெட்டை வைத்துக்கொள்ளலாம். ஒலியை எப்போதும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஃப்ளூகல்ஹார்ன் நன்றாகக் கலந்து போகும் என்று சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலப்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து தொடங்குவது தெளிவாகக் கேட்காது. எதிரொலி மிகுந்த கட்டடத்தில் அது பெரிய குறை.

பழைய ட்ராம்போனின் குழாய் உள்விட்டம் சுமார் 10 முதல் 12 மி.மீ.; இன்றைய சிம்பனி டெனர் ட்ராம்போனில் சுமார் 13.9 மி.மீ. வாயும் அகன்றது. அப்படிப்பட்ட மூன்றுக்கு எதிரே ஒரு வயோலா நிற்க முடியாது. பழைய மாதிரியில் செய்த ட்ராம்போன் (சாக்பட்) கிடைக்காவிட்டால், ஜாஸ் வாசிப்பவர்கள் வைத்திருக்கும் குறுகிய குழாய் ட்ராம்போனைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் குழுவில் வயோலாவை ஓரடி முன்னால் நிறுத்தி, ட்ராம்போன்களின் வாயைக் கேட்பவர்களுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள்.

சுருதி

உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும்.

அக்கால வெனிஸ் கார்னெட்டோக்களில் பல, ஏ ஸ்வரம் 466 ஹெர்ட்ஸ் அளவில் அமைந்தவை. இன்றைய 440-ஐவிட அரை ஸ்வரம் மேலே. 440-ல் பி ஃபிளாட் என்று நாம் சொல்லும் டெனர் ட்ராம்போன் 466-ல் அப்படியே ஏ ஆகிவிடுகிறது. எனவே 466-ல் வாசிக்கும் ட்ராம்போன்காரர் முதல் நிலையை ஏ என்று நினைத்து வாசிக்கப் பழக வேண்டும். வாத்தியத்தை மாற்ற வேண்டியதில்லை. வயோலாவுக்கு அது அவ்வளவு எளிதல்ல: அரை ஸ்வரம் ஏற்றினால் தந்தியின் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடும், மெல்லிய தந்தி மாட்ட வேண்டும். முதல் முறை செய்பவர்கள் 440-லேயே இருக்கலாம். எந்த அளவு என்பதை ஆர்கன்தான் தீர்மானிக்கும், ஏனென்றால் அதை மட்டும் அசைக்க முடியாது.

அளவைவிட முக்கியம் ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம். கேப்ரியேலியின் காலத்து ஆர்கன்கள் மீன்டோன் முறையில் சுருதி சேர்க்கப்பட்டவை. அந்த முறையில் மேஜர் தேர்டு (ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரையிலான தூரம்) சுத்தமான 5:4 விகிதத்தில், அதாவது 386 சென்ட்டில் நிற்கும் (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). இன்றைய பியானோவில் அது 400 சென்ட். 14 சென்ட் அதிகம். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம் இந்த 5:4 விகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காந்தாரத்தைக் காதில் வைத்திருப்பவருக்கு இந்த இசையின் மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) உடனே பிடிபடும்.

பயிற்சி இப்படி. மூன்று ட்ராம்போன்களும் கார்னெட்டோவும் ஜி மேஜர் கார்டைக் கட்ட வேண்டும். முதலில் இரண்டு ஜி, எட்டு ஸ்வர இடைவெளியில். சுருதி சேராதபோது கேட்கும் அலை அடிப்பு நின்றதும் டி சேரட்டும். டி நின்றபிறகுதான் பி. ட்யூனர் காட்டும் இடத்தில் பி வாசித்தால் கார்ட் துடிக்கும். ட்ராம்போன்காரர் ஸ்லைடை சுமார் ஒரு செ.மீ. வெளியே தள்ளினால் 14 சென்ட் இறங்கும், துடிப்பு நின்றுவிடும். அந்த நொடியில் கார்ட் சட்டென்று பெரிதாகக் கேட்கும். யாரும் உரக்க ஊதியிருக்க மாட்டார்கள். ஃபோர்ட்டேவின் நிறைவு வருவது இதிலிருந்துதான். மைனர் கார்டில் இதற்கு நேர்மாறு: சுத்தமான மைனர் தேர்டு பியானோவைவிட 16 சென்ட் மேலே.

யார் தேர்டு வாசிக்கிறார் என்பதை ஒவ்வொரு கேடென்ஸிலும் பார்ட்டில் வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்த குழுவுக்கும் செய்யாத குழுவுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்.

உங்கள் தேவாலயத்து ஆர்கன் இன்றைய பியானோபோல் சம சுருதியில் இருந்தால் அது மேஜர் தேர்டை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ட்ராம்போன்களோடு மோதும். இதற்கு எளிய வழி, ஆர்கனில் கீழ் ஸ்வரத்தையும் ஐந்தாவதையும் எட்டாவதையும் மட்டும் வாசித்து, தேர்டை ஊதுபவர்களிடமே விட்டுவிடுவது. ஒரே ஒரு மென்மையான 8 அடி ஸ்டாப் (எழுதிய உயரத்திலேயே ஒலிக்கும் குழாய் வரிசை) போதும். 1597 தொகுப்பில் ஆர்கனுக்குத் தனிப் பார்ட் அச்சாகவில்லை. அந்தந்த நேரத்தில் எது மிகக் கீழே ஒலிக்கிறதோ அதைத் தொடர்ந்து வாசிப்பதே வேலை. மேல் ஸ்வர வரியை ஆர்கன் கூடவே வாசிக்கக் கூடாது. கார்னெட்டோவின் சுதந்திரம் போய்விடும்.

நாக்கு

ஜிரோலமோ தல்லா காஸா 1568-ல் தம் இரு சகோதரர்களோடு சான் மார்கோவின் நிரந்தர வாத்தியக்காரராக நியமிக்கப்பட்டவர். 1584-ல் அவர் வெளியிட்ட நூலில் கார்னெட்டோவுக்கான நாக்குப் பயிற்சிகள் இருக்கின்றன. ஊதும்போது நாக்கு இந்த எழுத்துகளைச் சொல்வதுபோல் அசைய வேண்டும்: நீண்ட ஸ்வரங்களுக்கு ‘தெ’ போதும். ஓடும் ஸ்வரங்களுக்கு ‘லெ-ரெ-லெ-ரெ’. சற்றுக் கூர்மை வேண்டுமென்றால் ‘தெ-ரெ-லெ-ரெ’. இந்த ‘ரெ’, ஆங்கிலேயர் நாக்கைச் சுருட்டும் ‘ஆர்’ அல்ல. ‘மரம்’ என்பதில் நாம் சொல்லும் ‘ர’தான், நாக்கு நுனி ஒரு தட்டு தட்டி விலக வேண்டும். ‘தெ-கெ-தெ-கெ’ என்று வேகமாக அடிப்பதை இந்தச் சொனாட்டாவில் தவிர்த்துவிடுங்கள். அது கடுமையான ஒலி.

ஒவ்வொரு நீண்ட ஸ்வரமும் தொடக்கத்தில் தெளிவாகவும் முடிவில் மெலிந்தும் இருக்க வேண்டும். ஒரே கனத்தில் இழுத்துப் பிடித்தால், கட்டடத்தின் எதிரொலியோடு சேர்ந்து அடுத்த கார்டை மூடிவிடும்.

எங்கே நிற்பது

சான் மார்கோவில் பலிபீடப் பகுதியின் இரு பக்கமும் இரண்டு ஆர்கன் மாடங்கள் எதிரெதிரே இருக்கின்றன. வாத்தியக்காரர்கள் அங்கிருந்து வாசித்திருக்கிறார்கள். பேராலயத்தின் தொலைதூர மூலைகளில் குழுக்களைப் பரப்பி நிறுத்தினார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, உங்கள் குழுக்களையும் வாசலில் ஒன்று, பீடத்தில் ஒன்று என்று நிறுத்தாதீர்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இரண்டு குழுவுக்கும் நடுவே 20 மீட்டர் இருந்தால் ஒரு குழுவின் ஒலி மறு குழுவை அடைய 58 மில்லி வினாடி ஆகும். தட்டு ஒன்றுக்கு ஒரு வினாடி என்ற நிதானத்தில் வாசித்தாலும், கால் தட்டு அளவுள்ள ஸ்வரத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். காதால் கேட்டுச் சேர நினைத்தால் இரண்டாம் குழு 58 மில்லி வினாடி பிந்தும். அதைக் கேட்டு முதல் குழு இன்னும் பிந்தும். பத்து தட்டுக்குள் வேகம் தேய்ந்துவிடும்.

ஆகவே முதல் விதி: பக்கத்தில் இருப்பவரோடு காதால் சேருங்கள், எதிரே இருப்பவரோடு கண்ணால் சேருங்கள். தாளம் காட்டுபவர் இரு குழுவுக்கும் சம தூரத்தில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் நிற்கட்டும். தூண்கள் மறைத்தால் இரண்டாம் குழுவில் ஒருவர் முதலாமவரின் கையைப் பார்த்து அப்படியே திருப்பிக் காட்ட வேண்டும். அவர் இசையைக் கேட்டுக் கை அசைத்தால் பயனில்லை. இப்படிச் செய்தால், குழுக்களில் இருப்பவர்களுக்கு எதிரணி எப்போதும் சற்றுப் பிந்துவதுபோலவே கேட்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேரும். வாசிப்பவர்கள் இந்த அசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தொடக்கத்தில் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி போதும். இடது, வலது என்று காது பிரித்தறிய அது தாராளம்.

ஒவ்வொரு குழுவின் கீழ் பார்ட்டும் ஏன் அவ்வளவு உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது என்பதும் இங்கே புரியும். பின்னாளில் சான் மார்கோவின் இசைத் தலைவரான ஸர்லினோ 1558-லேயே இதைச் சொல்லியிருக்கிறார்: குழுக்கள் தள்ளி நிற்பதால் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டாலும் முழுமையாக ஒலிக்க வேண்டும், எல்லாம் சேரும் இடத்தில் கீழ் பார்ட்கள் ஒரே ஸ்வரத்தில் அல்லது எட்டு ஸ்வர இடைவெளியில் இருக்கட்டும், தேர்டும் ஆகலாம், ஐந்தாவது மட்டும் கூடாது. ஒரு குழுவின் கீழ் ஸ்வரம் ஐந்தாவதாக இருந்தால் அந்தக் குழுவின் அருகில் உட்கார்ந்திருப்பவருக்குக் கார்ட் அடித்தளம் இல்லாமல் கேட்கும். ஆதலால் இரு கீழ் ட்ராம்போன்களையும் உங்கள் மிக உறுதியான ஆட்களிடம் கொடுங்கள். மேல் பார்ட்டை நல்லவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே யாரையாவது நிறுத்துவது இந்த இசைக்கு ஒத்துவராது.

ஒத்திகையின் வரிசை

எட்டுப் பேரையும் முதல் நாளே ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக, சிறு அறையில், தங்கள் பார்ட்டை நான்கு பேருக்கான முழுப் படைப்புபோல் வாசித்துப் பழகட்டும். நான்கு பேராக இந்த நடைக்கு இன்னும் பழகவில்லை என்றால், கேப்ரியேலியின் நான்கு பார்ட் கன்ஸோனா ‘லா ஸ்பிரிட்டாட்டா’ (1608-ல் அச்சானது) நல்ல தயாரிப்பு. நெடில், குறில், குறில் என்று ஒரே ஸ்வரத்தில் தொடங்கும் கன்ஸோனா நடை அதில் கைக்கு வரும்.

ஆனால் சொனாட்டாவைக் கன்ஸோனாவின் வேகத்தில் வாசிக்கக் கூடாது. ஜெர்மானிய இசையறிஞர் மிக்கேல் ப்ரெட்டோரியஸ் 1619-ல் இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்: சொனாட்டா, மோட்டெட் என்ற தேவாலயப் பாடலைப்போல் கம்பீரமானது, கன்ஸோனா துள்ளலும் விரைவுமானது. மொத்தமாகச் சுமார் ஐந்து நிமிடம் வரும்படி நிதானத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒத்திகையில் எட்டுப் பேரும் நெருக்கமாக ஒரே வட்டத்தில். இங்கே கவனிக்க வேண்டியது கைமாறும் இடங்கள். தொடக்கத்தில் முதல் குழு நீண்ட நேரம் தனியாக வாசிக்கிறது, பிறகு இரண்டாவது, அதன்பின்தான் எட்டும். போகப்போக இந்த மாற்றங்கள் குறுகி, ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் மற்றவர் பதில் சொல்லும் அளவுக்கு நெருங்குகின்றன. ஒரு குழுவின் கடைசிக் கார்டின் மேலேயே மற்றது நுழையும். முடிக்கும் குழு அந்தக் கார்டை முழு அளவும் பிடிக்க வேண்டும், ஆனால் மெலிந்துகொண்டே. நுழையும் குழு தன் சுருதியை அந்தக் கார்டிலிருந்து எடுக்க வேண்டும். முடிப்பவர் சீக்கிரம் விட்டால் ஓட்டை விழும். கனம் குறைக்காமல் பிடித்தால் நுழைவு கேட்காது. இந்த இடங்களை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை வாசித்துப் பாருங்கள்.

ஃபோர்ட்டே இடங்களுக்கு ஒரு சோதனை: முதல் குழு தன் பியான் வாசிப்பின் அதே மூச்சில் ஃபோர்ட்டேவையும் தனியாக வாசிக்கட்டும். பிறகு இரண்டாம் குழுவும் அப்படியே. கடைசியாக இரண்டும் சேரட்டும். சேர்ந்ததும் ஒலி எவ்வளவு எழுகிறது என்பதை அவர்களே கேட்டுவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சைக் கூட்டுவதில் தவறில்லை.

மூன்றாம் கட்டம் தேவாலயத்தில், பிரிந்து நின்று. குறைந்தது இரண்டு ஒத்திகை அங்கே வேண்டும். நம்பகமான காதுள்ள ஒருவரை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் உட்கார வையுங்கள். கார்ட்கள் ஒன்றன்மேல் ஒன்று குழம்புகிறதா, வயோலா கேட்கிறதா என்ற இரண்டை மட்டும் அவர் சொன்னால் போதும். குழம்பினால் வேகத்தைக் குறைக்கும் முன் ஸ்வரங்களின் முடிவை மெலியச் செய்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

அலங்காரம் இந்தச் சொனாட்டாவில் மிகக் குறைவாக இருக்கட்டும். கேடென்ஸில் கார்னெட்டோவோ வயோலாவோ ஒரு ‘குரோப்போ’ (இரண்டு ஸ்வரங்களை மாறிமாறி அசைக்கும் அலங்காரம்) போடலாம். ஜி-யில் முடியும் கேடென்ஸ் என்றால்: ஜி, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், பிறகு ஜி. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். எட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும்போது வேண்டவே வேண்டாம்.

வழிபாட்டில் இடம்

அக்கால வெனிஸில் திருப்பலியின் காணிக்கை நேரத்திலும் நற்கருணை நேரத்திலும் பாடலுக்குப் பதில் இத்தகைய வாத்திய இசை ஒலித்தது. மாலை வழிபாட்டில் சங்கீதங்களுக்குப் பின்னும் வந்தது. இன்றும் காணிக்கை நேரம்தான் இதற்குப் பொருத்தம். குருவானவரிடம் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தை நடுவில் நிறுத்தச் சொன்னால் இந்தப் படைப்பில் வெட்டுவதற்கு இடமே இல்லை.

அன்றைய நாள்

கட்டடத்தின் வெப்பநிலையை ஒத்திகையிலும் நிகழ்ச்சிக்கு முன்பும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்கன் குழாயின் சுருதி ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் மாறும்; 10 டிகிரி குளிர்ந்தால் 30 சென்ட் இறங்கிவிடும். மூச்சால் சூடாகும் ட்ராம்போன்கள் அந்த அளவு இறங்காது. குளிரான காலையில் ட்யூனிங் ஸ்லைடை வெளியே இழுத்து ஆர்கனுக்குச் சேர்க்க வேண்டும். கார்னெட்டோவில் இழுக்க ஸ்லைடு கிடையாது. உதட்டாலும், ஊதும் கிண்ணத்தைச் சற்று வெளியே இழுத்துமே சரிசெய்ய முடியும். ஆகவே முதலில் ஆர்கனோடு கார்னெட்டோ, பிறகு மற்றவர்கள் என்ற வரிசையில் சுருதி சேருங்கள்.

ஆட்கள் வந்து நிறைந்ததும் எதிரொலி குறையும். வெறும் கட்டடத்தில் பழகிய நிதானம் சற்று இழுவையாகத் தோன்றினால் தாளம் காட்டுபவர் சிறிது முன்னே நகர்த்தலாம். கடைசிக் கார்டில் எட்டுப் பேரும் அவர் கையைப் பார்த்து ஒன்றாக விடட்டும். விட்டபின் வாத்தியத்தை இறக்காமல், நோட்ஸைப் புரட்டாமல், எதிரொலி முழுவதும் அடங்கும்வரை அப்படியே நிற்கச் சொல்லுங்கள். கட்டடம் வாசிக்கும் அந்தச் சில வினாடிகளும் இந்தப் படைப்பைச் சேர்ந்தவை.